மஞ்சள் பூசிய முதலைச்சுறா

என் நாத்தனார் மஞ்சள் பூசி அனுப்பிய ஒரு சுறா சிங்கப்பூரில் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் பல காலம் இருந்தது. சாதாரணச் சுறா அல்ல. ஆழ்கடலில் வாழ்கிற, மனிதர் கண்ணில் எப்போதாவது படுகிற ஜாதி. அதன் தோலில் இந்த மஞ்சள் நிறம் எப்படி வந்தது, பிறவியிலேயே உள்ளதா, மருந்து செய்த வேலையா என்று பல்கலைக்கழகத்தில் எனக்குப் பாடம் நடத்திய விரிவுரையாளர் என்னிடம் கேட்டார். "வீட்டில் ஒட்டியது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். முழுவதையும் சொல்வதென்றால் எனக்குத் தாய்ப்பால் சுரக்காத கதையிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் காலத்தில் அதை ஓர் ஆண்பிள்ளையிடம், அதுவும் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெரிய மனிதரிடம், எப்படிச் சொல்வது?

அறுபதுகளின் தொடக்கம். ஃபேரர் பார்க் திடலுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் துறைமுகத்தில் கிளார்க். நான் பெண்கள் பள்ளி ஒன்றில் உயிரியல் ஆசிரியை. முதல் பிரசவம், பெண் குழந்தை. பிறந்து நாலைந்து நாளாகியும் எனக்குப் பால் இறங்கவில்லை. குழந்தை சப்பிச் சப்பி ஓய்ந்துபோகும். பிறகு முகம் சிவக்க அழும். அழக்கூடத் தெம்பில்லாமல் தூங்கிவிடும். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் தராசில் வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எடை குறைந்திருந்தது. திங்கட்கிழமை மறுபடி நிறுப்பதாகவும், அதற்குள் ஏறாவிட்டால் புட்டிப் பால்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே என் கணவர் பால்மாவு டின் ஒன்றை வாங்கிவந்து அலமாரியின் மேல் வைத்தார்.

"டின் பால் குடிச்சா புள்ள வளராதா லா? இந்த ஊர்ல பாதிப் புள்ளைங்க அதுலதான் வளருது" என்றார்.

நல்ல மனிதர், நல்லதற்குத்தான் சொன்னார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். டின்னின் மேல் ஒரு கொழுகொழு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன். 'பாலூட்டிகள்' என்று கரும்பலகையில் எழுதி வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள் நான். சொந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் கொடுக்க வக்கில்லை என்பது அவமானமாக இருந்தது. அவமானத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். குழந்தை சத்தமில்லாமல் கிடக்கும்போதெல்லாம் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேனே, அந்தப் பயத்தைத்தான் தாங்க முடியவில்லை.

பத்தியச் சமையல் முழுவதும் நாத்தனார் பொறுப்பு. கணவரின் மூத்த அக்கா, விதவை, எங்களோடுதான் இருந்தார். நானும் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன். அவருக்குப் பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்கவில்லை. எத்தனை பிறந்தன என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. அதுவரை அவர் சொன்னதில்லை, நான் கேட்டதில்லை. ஆனால் எங்கள் தெருவில் யார் பிள்ளை பெற்றாலும் கூப்பிட்டு அனுப்புவது அவரைத்தான். பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார், முருங்கைக்கீரையைப் பொரித்துக் கொட்டினார். போதும் என்றால் விடமாட்டார்.

"சட்டியில இருந்தாத்தானே ஆப்பையில வரும்? தின்னு, டீச்சரம்மா."

எதுவும் பலிக்கவில்லை. மிச்சம் இருந்தது பால்சுறா. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவை வேகவைத்து, தோலுரித்து, பிட்டுப் பிட்டாக உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் போட்டு வதக்கிக் கொடுத்தால் பால் பெருகும் என்பது நம்மவர்களின் கணக்கு. அது மழைக்காலம், படகுகள் சரியாகக் கடலுக்குப் போகவில்லை, தேக்கா சந்தையில் பால்சுறா கண்ணிலேயே படவில்லை. பால்சுறாவை எனக்கு உள்ளும் புறமும் தெரியும். பள்ளியில் அறுத்துக் காட்டுவதற்கு அதைத்தான் சந்தையிலிருந்து வாங்குவோம். அதில் பாலைப் பெருக்கும் சமாச்சாரம் ஒன்றும் கிடையாது என்று நாத்தனாரிடம் ஒரு மணி நேரம் விளக்கியிருக்கிறேன். விளக்கியவளே, அவர் சந்தையிலிருந்து திரும்பும் சத்தம் கேட்டால், "கிடைச்சுதாக்கா?" என்று கட்டிலிலிருந்து எட்டிப் பார்ப்பேன். தண்ணீரில் தத்தளிக்கிறவனுக்குத் துரும்பும் துணை அல்லவா?

சனிக்கிழமை காலை, கிடைத்தது. வாசலிலிருந்தே குரல் வந்தது.

"ஏ புள்ள, கெடச்சிருச்சு! மலாய்ல, இக்கான் யூ ஆடா, சுறா இருக்கான்னு கேட்டேன். சுறா இருக்கு, ஆனா எல்லாரும் வாங்க மாட்டாங்கன்னு கீழேருந்து எடுத்துக் குடுத்தான். ஜப்பான் கப்பல் ஒண்ணு வந்திருக்காம். தூரத்துக் கடல்ல சூரை பிடிக்கப் போட்ட தூண்டில்ல இது மாட்டுச்சாம்."

மீன்காரச் சீனர் தலைப்பக்கத்தைச் சாக்கில் சுற்றிக் கொடுத்திருக்கிறார். நாத்தனாரும் தலையைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது வயிற்றை மட்டும். அமுக்கி அமுக்கிப் பார்த்து, இருந்ததிலேயே வயிறு பெருத்ததாக எடுத்திருக்கிறார். வயிறு பெருத்த சுறா என்றால் சத்து அதிகம், சத்து அதிகமென்றால் பால் அதிகம். இப்படி ஒரு கணக்குப் போட்டு உலகத்தில் வேறு எந்த இனமும் மீன் வாங்காது.

பச்சை உடம்புக்காரி அடுப்படிக்குள் வரக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதனால் நான் கட்டிலில் இருந்தேன். அம்மியில் மஞ்சள் அரைக்கும் சத்தம் கேட்டது, சாக்கை உருவும் சத்தம் கேட்டது, பிறகு ஒரு அலறல்.

"ஐயோ, இதென்னடி கண்ணு!"

சட்டமாவது ஒன்றாவது! தூங்கிய குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஓடினேன்.

துணி ஊறவைக்கும் தகரத் தொட்டியில் அது கிடந்தது. ஒரு சிறு பிள்ளையின் உயரம் இருக்கும். பால்சுறா சாம்பல் நிறம். இது கருஞ்சாக்லேட் நிறம், துடுப்பு விளிம்புகளில் மட்டும் மெல்லிய வெள்ளை. ஆனால் அதையெல்லாம் பிறகுதான் பார்த்தேன். முதலில் கண்தான். பெரிய நெல்லிக்காய் அளவில், தலையின் பாதியை அடைத்துக்கொண்டு, இமையே இல்லாமல் என்னைப் பார்த்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டதும் உள்ளிருந்து பச்சையும் மஞ்சளுமாக ஒளி திரும்பி வந்தது. செத்த மீனின் கண், ஆனாலும் பூனைக் கண்ணைப் போல மினுங்கியது. 

"நவுரு, வெட்டிப் போட்டுர்றேன். பார்க்கவே பயமாருக்கு" என்று நாத்தனார் அரிவாள்மனையை இழுத்தார்.

"வெட்டாதீங்கக்கா! இது பால்சுறா இல்ல."

பால்சுறாவுக்குக் கண்ணை மூடிக்கொள்ள உள்ளே ஒரு இமை உண்டு. மாணவிகளுக்கு அதைத்தான் முதலில் காட்டுவேன். இதற்கு விரலால் தடவிப் பார்த்தேன், இமையே இல்லை. செவுள் பிளவுகள் பக்கவாட்டில் ஐந்து, எல்லாச் சுறாவையும் போலத்தான். ஆனால் அவை தலையின் மேல்பக்கம் வரை நீண்டு ஏறியிருந்தன. மூக்கைப் பிடித்துத் தூக்கியபோது தாடை தானாக முன்னால் துருத்திக்கொண்டு வந்தது. உள்ளே கோணி ஊசிகள் போல நீளமான பற்கள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. நாத்தனார் இரண்டடி பின்வாங்கினார். நான் இன்னும் கிட்டே போனேன். எத்தனை புத்தகங்கள் புரட்டியிருப்பேன், எத்தனை படங்கள் வரைந்திருப்பேன்! இது எதிலும் இல்லை. வெளிச்சமே போகாத ஓர் இடத்தில், இருக்கிற துளி வெளிச்சத்தையும் விடாமல் பிடிப்பதற்கென்று செய்யப்பட்ட கண் அது. அந்த இருட்டிலிருந்து ஒரு ஜீவன் எங்கள் வீட்டு வெளுப்புத் தொட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நான் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"இத பல்கலைக்கழகத்துக்கு அனுப்பணும்க்கா. முழுசா."

நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயம்தான்.

"புள்ள பாலில்லாம கெடக்குது, நீ மீனுக்குப் பாடம் எடுக்குறியா? தெனமும் தேக்காவச் சுத்திச் சுத்திக் கொண்டாந்திருக்கேன். ஒனக்குப் புள்ள முக்கியமா, படிப்பு முக்கியமா? சொல்லு."

 அறைக்குள் குழந்தை முனகியது. அந்த முனகலில் என் படிப்பெல்லாம் தவிடுபொடியானது. சரி, தலையை மட்டும் எனக்குக் கொடுத்துவிட்டு உடம்பைச் சமைத்துக்கொள்ளுங்கள் என்று இறங்கிவந்தேன். அவரும் இறங்கிவந்தார். வயிற்றை மட்டும் நான் சொல்கிறபடி பதமாகக் கீறச் சொன்னேன். நான் தொட்டால் உடம்புக்கு ஆகாதென்று கத்தியை என்னிடம் தர மறுத்து, அவரே கீறினார்.

முதலில் ஈரல் வழிந்து வந்தது. வயிற்றை அடைத்துக்கொண்டிருந்த பெரிய ஈரல். கை வைத்தால் எண்ணெய். மீன்களுக்குக் காற்றுப்பை இருக்கும், சுறாவுக்கு இல்லை. இந்த எண்ணெய்தான் அதை ஆழத்தில் அமிழ்ந்துபோகாமல் தாங்குகிறது. "பார்த்தியா, கொழுப்பு" என்றார் நாத்தனார் திருப்தியாக. ஈரலை ஒதுக்கினார். கீழே இரண்டு நீளமான பைகள் தெரிந்தன. அவர் கத்தி நின்றது.

பைகளை நான்தான் விரலால் விரித்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு குட்டிகள். என் கை நீளம்கூட இல்லை. கண்கள் அதற்குள்ளேயே பெரிதாக இருந்தன. ஆனால் வயிறு! ஒவ்வொன்றுக்கும் வயிறு மட்டும் உடம்பைவிடப் பெரிதாக, மஞ்சளாக, வெடித்துவிடும்போல் உப்பியிருந்தது. பால்சுறாக் குட்டிக்கு நம் பிள்ளைகளைப் போலத் தொப்புள்கொடி உண்டு; தாயிடமிருந்து அதன் வழியே சாப்பாடு வரும். இங்கே கொடியைத் தேடினேன், இல்லை. அதற்குப் பதிலாகக் குட்டிகளைச் சுற்றிலும் மெல்லிய சவ்வுப் பொட்டலங்கள் கிடந்தன. ஒவ்வொரு பொட்டலத்திலும் கடலைப்பருப்பு அளவில் மஞ்சள் கருக்கள். ஒரு குட்டியின் வாயோரத்தில் பாதி விழுங்கிய பொட்டலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்தத் தாய் உள்ளேயே முட்டையிட்டுக்கொண்டிருக்கிறாள். குஞ்சு பொரிப்பதற்கல்ல, ஏற்கெனவே இருக்கிற நாலு பிள்ளைகளும் தின்பதற்கு. பாலும் இல்லை, கொடியும் இல்லை. நாளைக்குப் பிறக்கக்கூடிய பிள்ளைகளையே சோறாக்கி இன்றைய பிள்ளைகளுக்கு ஊட்டுகிறாள். ஒரு விளக்கும் இல்லாத அந்த ஆழத்தில், யாரும் பத்தியம் சொல்லிக்கொடுக்காமல், நிறுத்துப் பார்க்க ஒரு நர்ஸும் இல்லாமல், இதைச் செய்துகொண்டிருக்கிறாள். ஒரு குட்டியை உள்ளங்கையில் எடுத்தேன். அதன் வயிறு நிறைந்திருந்தது. அதைப் பார்த்து அழ ஆரம்பித்தேன். பொறாமையா, பக்தியா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நாத்தனார் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"புள்ளத்தாச்சியடி இது. வயிறு பெருத்ததுன்னு பார்த்துப் பார்த்து எடுத்தேனே, பாவி! இத நான் சமைக்க மாட்டேன்."

இப்போது நான்தான் கெஞ்சினேன். தலையை வைத்துக்கொண்டு மற்றதைச் சமையுங்கள், திங்கட்கிழமை நர்ஸ் வருகிறார் என்று எவ்வளவோ சொன்னேன். புள்ளத்தாச்சியை அறுத்துப் பிள்ளை பெற்றவளுக்குப் போட்டால் விளங்குமா என்றார். பால்சுறாவில் சத்தில்லை என்று வாதாடியவள் அதற்காக மன்றாடுகிறேன். இத்தனை நாள் அதைத் தேடி அலைந்தவர் வேண்டாம் என்கிறார். காலம் செய்த கோலத்தைப் பாருங்கள். அந்த நேரம் குழந்தை வீறிட்டது. நாத்தனார் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் வாசற்படியிலேயே நின்று என் மார்பைப் பார்த்தார்.

"ஏ புள்ள, குனிஞ்சு பாரு."

ரவிக்கை முன்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. தொட்டித் தண்ணீர் தெறித்தது என்று நினைத்தேன். தண்ணீர் இல்லை.

நானாகக் கையைக் கழுவக்கூட விடாமல் நாத்தனாரே என் கையில் சோப்புப் போட்டுத் துடைத்து, குழந்தையை மடியில் வைத்தார். அடுப்படித் தரையில், அந்தத் தொட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து கொடுத்தேன். குழந்தை சப்பியது, நிறுத்தியது, ஆச்சரியப்பட்டதுபோல் ஒரு கணம் இருந்தது. பிறகு 'மடக் மடக்' என்று விழுங்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு ஈடாக இதுவரை ஒரு சங்கீதமும் நான் கேட்டதில்லை. திடலில் யாரோ கோல் போட்டிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஊரே ஹோவென்று கத்தியது. முதல் பிரசவத்தில் பால் நாலைந்து நாள் தாமதமாக இறங்குவது சகஜம், மனம் இளகினால் பாலும் இளகும் என்று மருத்துவம் சொல்லும். சுறா தின்னாமலே சுறா வேலை செய்துவிட்டது என்று நாத்தனார் சாகும்வரை சொன்னார். நானும் அவரோடு வாதாடுவதை விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழிந்து நான் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது விரிவுரையாளர் விவரம் சொன்னார். யுத்தத்துக்கு முன் ஜப்பானில் ஒருவர் இதை விவரித்து எழுதியிருக்கிறார். ஜப்பானியர் இதற்கு முதலையின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பல்லைப் பார்த்தவர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பகலெல்லாம் ஆழத்து இருட்டில் இருந்துவிட்டு இரவில் மேலே ஏறி வேட்டையாடும் போலிருக்கிறது என்றார். நிச்சயமாகச் சொல்ல முடியாது, உயிரோடு பார்த்தவர்கள் அவ்வளவு குறைவு. கண்ணையும் செவுளையும் பல்லையும் அவரும் என்னைப் போலவே ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் பெயருக்கு வந்து சேர்ந்திருந்தார். குட்டிகளைக் காட்டியபோது அவர் குரலும் தணிந்துவிட்டது. அப்போதுதான் மஞ்சளைப் பற்றிக் கேட்டார்.

அந்த மஞ்சள் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. என் கணவர் அரை நாள் வேலை முடிந்து வந்து, பால் இறங்கிய செய்தி கேட்டு, டாக்சியும் ஐஸும் கொண்டுவர ஓடியிருந்தார். சுறாவைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் பொறுப்பு. குழந்தை வயிறு நிறைந்து என் தோளில் தூங்கியது. நாத்தனார் சுறாப்புட்டுக்காக அரைத்து வைத்திருந்த மஞ்சளை எடுத்துவந்து, அந்தத் தாய்ச் சுறாவின் முகத்திலும் உடம்பிலும் பூச ஆரம்பித்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"கடல்ல எங்கயாச்சும் இதுக்கு ஒரு புருஷன் இருப்பான்ல? சுமங்கலிதானே. மஞ்ச பூசாம எப்படி அனுப்புறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. வயிற்றுச் சுமையோடு அனுப்பக் கூடாது என்று குட்டிகளை வெளியே எடுத்து, தாயின் வயிற்றோரமாக வரிசையாகப் படுக்கவைத்தார். பிறகு உள்ளே போய், குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையோடு வந்து என் முன்னால் நீட்டினார்.

"கொஞ்சம் குடு. நாலு வாய்க்கு."

இவை பால் குடிக்கிற ஜாதி இல்லை, உலகத்தில் சுறா தோன்றிய நாளிலிருந்து எந்தச் சுறாவும் பாலைக் கண்டதில்லை என்று ஆசிரியைக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அத்தனை நாள் ஒரு சொட்டுக்குத் தவித்த நான், பீய்ச்சிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு குட்டியின் வாயையும் சுண்டுவிரலால் திறந்து, செத்தவர்களுக்குப் பால் வார்ப்பதுபோல, ஒவ்வொரு சொட்டாக விட்டார்.  பழகிய கை என்பது பார்த்தாலே தெரிந்தது.

கடைசிக் குட்டியின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, "எனக்கு மூணு" என்றார். பிறகு பாலாடையைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார்.